ஓமரைச் சுருக்கத்தில் தேடாதீர்!

ஓமரின் 'இலியாது' என்னும் கிரேக்கப் பாவியத்தைக் கற்க விழைந்த இளைஞர் ஒருவர், இணையத்தில் தாம் தேடித் திரட்டியவற்றை அண்மையில் என்னிடம் காட்டினார். கதைச் சுருக்கம், கதைமாந்தர் பட்டியல், தேர்வுக்கான வினாவிடை! அனைத்தும் ஆங்கிலத்தில். 24 பகுதிகளாய் 15,693 அடிகள் கொண்ட அப்பெரும் பாவியத்தின் ஓரடிகூட அவற்றுள் இல்லை. பசித்தவனுக்குச் சோற்றின் பெயரை எழுதிக் கொடுத்தாற் போன்ற இக்கொடையை எவர் வேண்டினார்?

கிரேக்கம் எட்டாக் கனி என்று கருதியே பலரும் சுருக்கங்களில் வீழ்கின்றனர். அக்கருத்து இன்று செல்லாது. அமெரிக்காவின் தஃப்ட்சு பல்கலைக்கழகத்தைச் சார்ந்து வளர்ந்த பெர்சியூசு மின்னூலகத்தில் பாவியம் முழுமையும் மூலமொழியிலேயே உள்ளது. ஒரு சொல்லைத் தொட்டால் அதன் வேர்ச்சொல், வேற்றுமை, எண், பால் ஆகியன விரியும். 1843-இல் முதற்பதிப்புக் கண்ட இலிடெல், சுகாட்டு ஆகியோரின் அகரமுதலி தரும் விளக்கமும் உடன்வரும். ஒரே சொல்லுக்குப் பல இலக்கண முடிபுகளைப் பொறி காட்டுமிடத்து, பொருந்துவதைத் தெரிய வேண்டியவர் படிப்பவரே. அவ்வுழைப்புக்கு அஞ்சுவோர் ஓமரை விட்டுவிடலாம்.

முதற்சொல்லையே பாருங்கள்: 'மேனின்', அதாவது 'சினத்தை'. இரண்டாம் வேற்றுமை ஏற்ற பெயர்; வினை பின்னரே வருகிறது. ஆங்கிலப் பெயர்ப்புகள் பல வினையை முன்னிழுத்து இவ்வமைப்பைக் குலைத்துவிடுகின்றன. செயப்படுபொருளை முன்வைத்துப் பேசிப் பழகிய தமிழர்க்கோ அஃது இயல்பாகவே விளங்கும். மேலும், அச்சொல் வெறுஞ்சினத்தைக் குறிப்பதன்று. இப்பாவியத்துள் தெய்வங்களின் சினத்திற்கே அது பெரிதும் வழங்குகிறது. அதனை அக்கிலெசு என்னும் மாந்தன்மேல் ஏற்றியபோதே பாவலன் தன் கருத்தைத் தொடங்கிவிட்டான். எந்தச் சுருக்கம் இதனைக் கூறும்?

தொடக்க நிலையினர்க்குக் கிளைடு பார் 1920-இல் வெளியிட்ட பாடநூல் நன்று. இலியாதின் முதற் பகுதியைக் கொண்டே அது கிரேக்கம் கற்பிக்கிறது. இதுவும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது.

வெனிசு நகரின் மார்சியானா நூலகத்தில் 10-ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று உண்டு. பாவடிகளைச் சூழப் பழைய உரைக்குறிப்புகள் நெருங்கி நிற்கும். அலெக்சாந்திரிய அறிஞர் அரிசுடார்க்கசு எவ்வடிகளை ஐயுற்றார், ஏன் ஐயுற்றார் என்பவற்றை அக்குறிப்புகளே நமக்குக் காத்துத் தந்தன. 1788-இல் வில்லுவாசோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவற்றை அச்சேற்றினார். 2007-இல் அறிஞர் குழுவொன்று அச்சுவடியை ஏடு ஏடாக ஒளிப்படமெடுத்து, எவரும் கட்டணமின்றிக் காணுமாறு இணையத்தில் இட்டது. சுவடிகளைப் பூட்டி வைத்துப் பெருமை பேசுவோர், அவர் எந்நாட்டவராயினும், இதனைக் கண்டு நாணட்டும்!

அவ்விளைஞரிடம் இவற்றைக் காட்டி, நாளொன்றுக்கு ஐந்தடி படிக்கச் சொன்னேன். கணக்கிட்டுப் பார்த்து, "எட்டரை ஆண்டு ஆகுமே, ஐயா!" என்றார். ஆகட்டும் என்றேன்.