வளரும் பிள்ளைக்குப் பெரிய ஸ்கேட்ஸா?

"வளருற பிள்ளைதானே, ஒரு சைஸ் கூட எடுங்கோ. அடுத்த வின்ரருக்கும் வரும்." ஒக்டோபர் பிறந்துவிட்டால் ரொறொன்ரோக் கடைகளில் நம்மவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் புத்திமதி இது. தமிழர் மட்டுமல்ல, பனிச்சறுக்கு அரங்குக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் எல்லாச் சமூகத்துப் பெற்றோரும் இதைத்தான் நம்புகிறார்கள். குளிர் ஜக்கெற்றுக்கு இது நல்ல புத்திமதி. ஃபிகர் ஸ்கேட்ஸுக்கு முழுத் தவறு. பிள்ளையின் காலைப் புண்ணாக்கி, ஆசையோடு தொடங்கிய விளையாட்டையே வெறுக்க வைக்கும் தவறு.

ஃபிகர் ஸ்கேட்ஸின் பிளேடு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. அதன் அடி தட்டையானதல்ல. நீளவாக்கில் நடுவே மெல்லிய பள்ளம் விட்டுத் தீட்டியிருப்பார்கள். அதனால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு விளிம்புகள் உண்டு. வளைந்து போவதும், திரும்புவதும், பின்பக்கமாகச் சறுக்குவதும் இந்த இரண்டில் ஒன்றின்மேல் உடம்பைச் சாய்த்துத்தான் நடக்கின்றன. அந்தச் சாய்வைத் தருவது கணுக்கால். சப்பாத்துக்குள் குதிக்கால் அரைச் சென்ரிமீற்றர் அசைந்தாலே அது பிளேட்டின் தடிப்பைவிடக் கூடுதல். பிள்ளை காலைச் சாய்க்கும், கால் உள்ளுக்குள்ளேயே நகரும், பிளேடு சாயாது. ஆசிரியர் "விளிம்பில் போ" என்று நூறு தரம் சொன்னாலும் அந்தப் பிள்ளையால் முடியாது. பழி பிள்ளைமேல் விழுகிறது.

பெரிய சைஸ் எடுக்கும்போது முன்பக்கத்தில் மட்டும் இடம் கூடுவதில்லை. சப்பாத்து நீண்டால் அதன் பிளேடும் நீளும். முன்னிருந்து பின்னாகச் செல்லும் பிளேட்டின் வளைவில் சுழல்வதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அது முன்பாதத்தின் கீழே வர வேண்டும். பெரிய சப்பாத்தில் அந்த இடம் முன்பாதத்தைவிட்டு முன்னே தள்ளிப் போய்விடும். கணுக்கால் மொழிக்கென்று உள்ளே வைத்த குழியும் மொழிக்கு நேரே வராது. மொழி பஞ்சில்லாத இடத்தில் உரசிச் சிவந்து, நாளடைவில் வீங்கும்.

கால் அசையாதிருப்பதன் அருமை பழைய கதையொன்றிலும் தெரியும். 1860களில் ஜாக்சன் ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் பிளேட்டைச் சப்பாத்தின் அடியிலேயே நிலையாகப் பூட்டிக்கொண்டு ஆடினார். அதற்குமுன் பலரும் சாதாரணச் சப்பாத்தில் பிளேட்டை வார் போட்டுக் கட்டித்தான் சறுக்கினார்கள். கட்டியது அசையும், அசைந்தால் துள்ளவோ சுழலவோ துணிவு வராது. காலும் பிளேடும் ஒன்றாக இயங்கியதால்தான் வியன்னா மக்கள் வியந்து பார்த்த அவருடைய ஆட்டம் சாத்தியமாயிற்று. பெரிய சைஸ் வாங்கும் நாம் அந்தப் பழைய அசைவைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம்.

சனிக்கிழமை காலை, சறுக்கப் பழக்கும் கான்ஸ்கேட் வகுப்புக்கு முன் அரங்கின் வாங்கில் உட்கார்ந்து பாருங்கள். ரப்பர் விரிப்பில் நடந்துவரும் சில பிள்ளைகளின் இரண்டு கணுக்காலும் உள்பக்கம் மடிந்து, முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும். "இவளுக்குக் கணுக்கால் பலமில்லை" என்பார் அம்மா. அப்பா குனிந்து லேஸை இன்னும் இறுக்குவார். பெரும்பாலும் பலத்தில் குறையே இருக்காது. சப்பாத்து காலைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தொளதொள சப்பாத்தை லேஸால் இறுக்கினால் பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் முன்பக்கத்திலும் நரம்பு நோகும், விரல்கள் மரத்துப்போகும். குதிக்கால் அப்போதும் எழும்பிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு சோடி தடித்த காலுறை போடுவதும் இதே கதைதான். துணி நசுங்கிக்கொண்டே இருக்கும். வியர்வையில் ஈரமாகிக் காலைக் குளிர வைக்கும். மெல்லிய காலுறை ஒன்று போதும்.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு நம்பிக்கை, விறைப்பான, விலை கூடிய சப்பாத்து நல்ல பாதுகாப்பு என்பது. அந்த விறைப்பு இரண்டு, மூன்று சுற்றுத் துள்ளல்களிலிருந்து தரையிறங்குபவர்களுக்காகச் செய்தது. இருபது கிலோப் பிள்ளையால் அதை மடிக்க முடியாது. கணுக்கால் மடியாவிட்டால் முழங்கால் மடியாது, முழங்கால் மடியாவிட்டால் பிள்ளை பின்பக்கமாக விழும்.

சரியான அளவைக் கண்டுபிடிப்பது கடினமல்ல, பொறுமை வேண்டும். தெருச் சப்பாத்தின் இலக்கத்தை முதலில் மறந்துவிடுங்கள். பல நிறுவனங்களின் ஸ்கேட்ஸ் அதைவிடக் குறைந்த இலக்கத்தில்தான் பொருந்தும். இத்தாலியின் எடியா போன்றவை மில்லிமீற்றரிலேயே அளவிடுகின்றன. பிள்ளையைக் கடதாசியில் நிற்க வைத்து, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து இரண்டு பாதங்களையும் வரையுங்கள். பெரிய பாதத்தைக் கணக்கில் எடுங்கள். அகலத்தையும் பாருங்கள், ஏனென்றால் அகலம் போதாததால்தான் பலர் நீளத்தைக் கூட்டிவிடுகிறார்கள். பிறகு லேஸ் கட்டாமல் காலை உள்ளே விட்டு, விரல் நுனி முன்னே தொடும்வரை தள்ளச் சொல்லுங்கள். குதிக்காலுக்குப் பின்னால் உங்கள் சுண்டுவிரல் நுழையலாம். வளரும் பிள்ளைக்கு விடக்கூடிய இடம் அவ்வளவுதான். இரண்டு விரல் நுழைந்தால் அந்தச் சப்பாத்தைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்து, குதிக்காலைப் பின்னே தட்டி உட்கார வைத்து, விரல்களின் மேல் தளர்வாகவும் கணுக்கால் மடிப்பில் இறுக்கமாகவும், மேல் கொக்கிகளில் சற்று இளக்கியும் கட்டுங்கள். நிமிர்ந்து நிற்கையில் விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொடலாம். முழங்காலை மடித்தால் விரல்கள் பின்னிழுபட வேண்டும், குதிக்கால் அசையக்கூடாது. இவ்வளவும் பார்க்காமல் விற்கும் கடையில் வாங்காதீர்கள்.

காசுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. பிள்ளையின் கால் ஒரே வருடத்தில் ஒன்று, இரண்டு சைஸ் ஏறிவிடும். ஆனால் பெரிய சப்பாத்து அந்தக் காசை மிச்சப்படுத்துவதில்லை. கால் வளர்ந்து வருவதற்குள் அது தவறான இடங்களில் மடிந்து, தளர்ந்து, பிடிமானம் இழந்திருக்கும். முதல் வின்ரரில் பொருந்தாதது இரண்டாவதிலும் பொருந்தாது. பழைய ஸ்கேட்ஸ் வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணுக்கால் பகுதியைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஆழமாக மடிந்து துவண்டிருந்தால் விட்டுவிடுங்கள். பிளேட்டில் தீட்டுவதற்கு இன்னும் உருக்கு மிச்சமிருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்குச் சிறுத்துப்போன சோடியைப் பேஸ்மென்றில் துருப்பிடிக்க விடாமல், வின்ரர் முடிந்ததும் துடைத்து, அந்த அளவுக்காலுள்ள இன்னொரு பிள்ளையின் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.