ஓசூர் தாண்டிய கார்

காணும் பொங்கல் முடிந்த இரவில், கிருஷ்ணகிரி சுங்கச் சாவடியில் பெங்களூர்ப் பக்கம் திரும்பும் கார்களின் வரிசையைப் பார்ப்பவர்களுக்குக் காலம் எவ்வளவு மாறிவிட்டது என்பது விளங்கும். ஒரு தலைமுறைக்கு முன்னர், பெங்களூரில் ஆலையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்த தமிழன் ஊருக்குப் போகக் கலாசிபாளையத்தில் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தான். 1980-இல் ஓசூரில் தயாரான டி.வி.எஸ். 50 வந்தபோது அதுவே பெரிய சொத்து. இன்றோ அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றிப் பின்பக்கம் தாழ்ந்து வரும் கார்களில் பல, குமாஸ்தாக்களும் தொழிலாளிகளும் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியவை.

கார் மோகம் என்னவோ புதியதல்ல. அந்த நாளில் அதிகாரிகளிடம் அம்பாசிடர் இருந்தது. டாக்டர், வக்கீல் வீட்டு வாசலில் பியட் நின்றது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தவர்கள் சற்று ரசனைக்காரர்கள். அதன் முன்பகுதி முழுவதும், மட்கார்டும் சேர்ந்து, வாயைப் பிளந்தாற்போல் திறந்துகொள்ளும். முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினைப் பழுது பார்க்கலாம். அடிக்கடி பார்க்க வேண்டியும் இருந்தது! அம்பாசிடரில் எட்டுப் பேர் ஏறினாலும் அது முகம் சுளிக்காது. ஆனால் சேலத்திலிருந்து திரும்புகையில் தொப்பூர் மேட்டில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிடும். கோடையில் பெட்ரோல் பம்பின் மீது ஈரத்துணி சுற்றி ஓட்டிய காலம் அது. ஒரு குடம் தண்ணீரும் உபரியாக ஒரு விசிறி பெல்ட்டும் இல்லாமல் யாரும் கிளம்பமாட்டார்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. 'தகர டப்பா' என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்த டப்பா மேட்டில் கொதித்து நிற்கவில்லை. காலையில் தள்ளு என்று கேட்கவில்லை. கார் என்றால் டிரைவர் வேண்டும் என்ற எண்ணத்தைப் போக்கியது அதுதான். 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. அதே ஆண்டில் அம்பாசிடரும் விடைபெற்றது.

இன்றைய கார்களில் எஞ்சின் தொல்லை குறைவு. சில்க் போர்டு சந்திப்பில் அரை மணி நேரம் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்குவதுதான் இப்போதைய தொல்லை. 2014-க்குப் பிறகு சிறிய கார்களிலும் தானாகக் கியர் மாறும் வசதி வந்ததால், கையில் கொஞ்சம் காசுள்ளவர்கள் அதற்கு மாறிவிட்டார்கள். பழைய பழக்கம் ஒன்று மட்டும் போகவில்லை. தொப்பூர் இறக்கத்தில் பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். கார்புரேட்டர் காலத்துக் கணக்கு அது. இப்போதுள்ள எஞ்சின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் ஓடுவதற்காகச் செலவாகும். மிச்சமும் இல்லை, பிரேக்குக்கும் ஆபத்து.

இந்தத் தொல்லைகளையெல்லாம் ஒருவன் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது எண் பலகைத் தொல்லை.

சேலத்திலோ ஈரோட்டிலோ தெரிந்தவரிடம் ஒரு பழைய கார் மலிவாகக் கிடைக்கிறது. பெங்களூரில் குமாஸ்தாவாக இருப்பவர் கடன் வாங்கி அதை எடுத்து வருகிறார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை ஒரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் பெற வேண்டும். இது நியாயமே. 2014-இல் கர்நாடக அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்து, 30 நாள் தாண்டினாலே ஆயுள் வரி கட்ட வேண்டும் என்றது. அதை 2016-இல் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி செல்லாது என்று தீர்ப்பளித்தார். இருந்தும் சாலையோரம் கைகாட்டி நிறுத்தப்படுகிறவர், வண்டி எப்போது மாநிலத்துக்குள் வந்தது என்று தாம்தான் நிரூபித்தாக வேண்டும்.

புதிய எண் பெறுவது லேசான காரியமா? ஊரில் உள்ள அலுவலகத்தில் ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். இதற்கே எத்தனை நாள் லீவு! பிறகு இங்கே வண்டியின் விலைக்கும் வயதுக்கும் ஏற்ப ஆயுள் வரியை மொத்தமாகக் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் முன்பே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்குரிய தொகையைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இங்கே கட்டி முடித்த பிறகுதான். ஒரே காருக்கு இரண்டு மாநிலங்களில் பணம் கட்டிவிட்டு, ஒன்றிலிருந்து திரும்பி வருவதற்காகக் காத்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரன் எங்கே போவான்?

இதற்குப் பரிகாரமாகத்தான் 2021 செப்டம்பரிலிருந்து மத்திய அரசு 'பி.எச்.' வரிசை எண்களைக் கொண்டுவந்தது. மாநிலம் மாறினாலும் எண் மாறாது. வரியையும் ஆயுளுக்கும் சேர்த்துக் கட்டாமல் இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் யாருக்கு? அரசு ஊழியர்களுக்கும், பொதுத்துறையில் இருப்பவர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் மட்டுமே. பொம்மசந்திராவில் ஒரே ஒரு பட்டறை வைத்திருப்பவரிடம் கணக்கு எழுதுகிறவருக்கு இது கிடையாது. பெரிய கம்பெனி அதிகாரிக்கு மாற்றல் வந்தால் கம்பெனியே செலவைத் தரக்கூடும். சின்னப் பட்டறை மூடப்பட்டால் வேலை தேடி ஊர் மாறுகிறவனுக்குத் தருபவர் யார்? அடிக்கடி இடம் மாறுகிறவனுக்காக வந்த சலுகை, உண்மையில் மாறுகிறவனை விட்டுவிட்டு எழுதப்பட்டிருக்கிறது.

மாநிலங்களுக்கு வரி வருமானம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. இங்குள்ள சாலையில் ஓடும் வண்டி இங்கே வரி கட்டட்டும். கேட்பதெல்லாம், அதைத் தவணையில் கட்ட எல்லோரையும் அனுமதியுங்கள் என்பதுதான். வண்டிகளின் விவரமெல்லாம் 'வாஹன்' என்ற ஒரே கணினிப் பதிவேட்டில் நாடு முழுவதும் இருக்கிறது. சென்னையில் கட்டிய வரியின் மீதியைப் பெங்களூருக்கு நேராக ஈடுகட்டிக்கொள்ள இரு மாநில அரசுகளும் ஏற்பாடு செய்துகொண்டால் என்ன? தனி மனிதன் ஏன் நடுவில் நின்று பணத்தைச் சுமக்க வேண்டும்?

எண் பலகையில் வேறொரு கவலையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிப் பிரச்சினையின்போது, தமிழ்நாட்டு எண் தாங்கிய வண்டிகள் இந்நகரில் தாக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. தமிழ்நாட்டிலும் கர்நாடக வண்டிகளுக்கு அந்த நாட்களில் நிம்மதி இருக்கவில்லை. அண்டை அயலார் நல்லவர்கள்தாம். 2016-இல் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் தம் தார்ப்பாயைக் கொண்டுவந்து காரை மூடிக் கொடுத்த கதை ஒன்றா, இரண்டா? இருந்தாலும் எண்ணை மாற்ற நினைப்பவர் பலருக்கு அந்த இரவுகளின் நினைவும் ஒரு காரணம்.

இப்போதைக்கு, தமிழ்நாட்டு எண்ணோடு வருகிறவர்கள் அத்திப்பள்ளியைத் தாண்டிய தேதிக்குச் சான்றாகப் பாஸ்டேக் கணக்கையும் பெட்ரோல் பில்லையும் பத்திரப்படுத்திக்கொள்கிறார்கள். அந்தக் காலத்து அம்பாசிடரில் தண்ணீர்க் குடம் இருந்த இடத்தில், இன்று ஒரு காகிதக் கட்டு.