கல்மரமும் சிலிக்கான் தகடும்

பௌர்ணமிக்கு விழுப்புரம் மாவட்டத்தின் திருவக்கரை வக்கரகாளியம்மனைத் தரிசிக்கப் போகிறவர்கள் அப்படியே கல்மரத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். 1781இல் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் குறித்துவைத்த மரங்கள் அவை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் இறங்கியது. மரம் போகப் போக, அதன் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது.

அந்தச் சிலிக்காவில் இருக்கும் சிலிக்கானுக்கு ஜெனீவா அருகே வேறொரு வேலை. செர்ன் ஆய்வகத்தின் 27 கி.மீ. வளையத்தில் புரோட்டான்கள் மோதிச் சிதறும்போது, தெறிக்கும் துகள்களின் தடத்தைச் சிலிக்கான் தகடுகள் பதிவு செய்கின்றன. ஆனால் கடந்துபோகும் துகள், படிகத்தில் வரிசையாக நிற்கும் அணுவை இடம்பெயர்த்துவிட்டும் போகும். நாளாக ஆக, தகட்டில் மின்கசிவு ஏறும். துகள் எழுப்பும் சிறு மின்னூட்டம் வழியிலேயே சிக்கிக்கொள்ளும்.

இதற்குக் கண்ட வழிகள் பல. படிகத்தில் ஆக்சிஜன் சேர்த்தார்கள். மின்முனைகளைத் தகட்டின் உள்ளேயே தூண்களாக இறக்கினார்கள். வைரத்தையும் சோதித்தார்கள். எளிய வழி, குளிரில் வைப்பது. வெப்பம் முதலில் காயத்தை ஆற்றும். அளவு மீறினால் அதுவே காயத்தைப் பெரிதாக்கும்.

இந்த வரலாற்றில் நம் பங்கு சிறியதல்ல. இரட்டையாக நெருங்கி வரும் ஒளித்துகள்களை ஒன்றென்று ஏமாறாமல் பிரித்தறிய, செர்னின் சிஎம்எஸ் கருவியில் 2009இல் ஓர் அடுக்கு பொருத்தப்பட்டது. அதற்கான சிலிக்கான் தகடுகளில் சுமார் 1,000, பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்து பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. 10 ஆண்டுகளில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கோடி கோடி நியூட்ரான்கள் வரை தாங்க வேண்டும் என்பது கணக்கு. 2030ஐ ஒட்டி வரவிருக்கும் மேம்பட்ட வளையத்தில், மோதலுக்கு மிக நெருங்கிய தகடுகள் 100 கோடி கோடியைத் தாண்டித் தாங்க வேண்டும். அந்தப் பழைய அடுக்கு ஓய்வுபெற்று, புதியது வருகிறது. அதிலும் இந்தியக் கைகள் உண்டு.

தகடு என்றைக்கு, எவ்வளவு கெடும் என்று கட்டும் முன்பே கணக்குப் போட்டவர்கள் நாம். நிறுவனங்களுக்கு மட்டும் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. கோலார் தங்கச் சுரங்கத்தின் 2.3 கி.மீ. ஆழத்தில், 1965இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களுடன் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டது. உலகில் அப்படிக் கண்ட முதல் குழுக்களில் ஒன்று அது. பிறகு சுரங்கம் நட்டம் என்றார்கள்; ஆழத்து அறைகள் மூடப்பட்டன; ஆய்வும் அதோடு முடிந்தது. சுரங்கத்தின் ஆழத்தைத் தாங்கிய கருவிகள் கணக்கேட்டைத் தாங்கவில்லை.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது விழுப்புரம் கொண்டாடியது. திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் இவ்வூர் ரயில்வே பள்ளியில் படித்தவர். பிரக்யான் ஊர்தி நிலவு மண்ணின் தனிமங்களை அறிய உதவியவற்றில் ஒரு சிலிக்கான் உணரியும் உண்டு. அந்த வகை உணரியை ரெஹாக், கட்டி என்ற இருவர் 1980களின் தொடக்கத்தில் முதலில் யோசித்தது துகள் இயற்பியலுக்காக. நிலவுக்குப் போன தகட்டின் வேர் அடிப்படை ஆய்வில் இருக்கிறது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. வானிலிருந்து இறங்கும் மியூவான்களை எண்ணும் சிறு கருவியை ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலேயே மாணவர்கள் கட்டிவிடலாம். சிஎம்எஸ் குழுவில் இருக்கும் ஐஐடி மெட்ராஸ் சில மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. அரசு ஓர் ஆண்டு மானியத்தோடு நிறுத்திவிடாமல், 10 ஆண்டுக்கு இந்தக் கல்லூரிகளை ஐஐடியோடு இணைக்கட்டும். ஆசிரியர் மாறினாலும், அமைச்சர் மாறினாலும் அந்தக் கருவி எண்ணிக்கொண்டே இருக்கட்டும்.