மருந்துக் கலவையும் மாணவர் கணக்கும்

மேல்நிலைப் பள்ளியில் இரசாயனம் கற்கும் பிள்ளைகள் கரைசலின் செறிவு, அமிலத்தன்மை, உறைநிலை ஆகியவற்றைக் குறித்த கணக்குகளை ஏராளமாகச் செய்கின்றனர். ஒரு கிலோகிராம் நீரில் ஒரு மோல் சர்க்கரை கரைந்தால் உறைநிலை 1.86 பாகை தாழுமெனப் பரீட்சையில் தடையின்றி எழுதுகின்றனர். ஆயினும் தகப்பனார் மயில்துத்தத்தைக் கைப்பிடியால் அளந்து நீரில் இடுங்கால் பிள்ளை வாய் திறப்பதில்லை. அவரும் அவனைக் கேட்பதில்லை. இப்பிரிவினை ஒழியவேண்டுமென்பது எமது அபிப்பிராயம்.

போர்டோக் கலவையை எடுத்துக்கொள்வோம். திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு இது நல்ல மருந்தென 1885ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்துத் தாவர சாஸ்திரி மில்லார்டே வெளியிட்டார். ஒரு சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் நீரில் மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. 16 லிட்டருக்கு ஒவ்வொன்றும் 160 கிராம். இவ்வளவில் சிரமம் ஏதுமில்லை. சிரமமெல்லாம் சுண்ணாம்பில் இருக்கிறது. பலநாள் காற்றுப்பட்டுக் கிடந்த சுண்ணாம்பு கரியமில வாயுவை ஏற்று வீரியம் குன்றிவிடும். நிறை சரியாயிருந்தும் மயில்துத்தத்தின் அமிலத்தன்மை முற்றும் அடங்காமல், கரைந்த செம்பு மிஞ்சி நின்று இளந்தளிரைக் கருக்கிவிடும். ஆகையால் தராசு மட்டும் போதாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிஷம் அமிழ்த்தி எடுத்துப் பார்க்கவேண்டும். செந்நிறம் படிந்தால் மேலும் சுண்ணாம்புப் பால் சேர்க்கவேண்டும். நீல லிட்மஸ் தாள் சிவந்தாலும் அவ்வாறே.

கடை மருந்துகளிலோ சதவீதம் என்ற சொல்லே குடியானவரை ஏமாற்றுகிறது. பொட்டலத்தின்மேல் 50 சதவீதம் என்றிருக்கும், தெளிக்கவேண்டியதோ 0.05 சதவீதம். அதாவது லிட்டருக்கு மருந்துச் சத்து அரை கிராம். பொட்டலத்துத் தூளில் பாதியே சத்தாகையால் தூள் ஒரு கிராம். இவ்விரண்டாம் படியை மறந்தவர் பாதி மருந்தைத் தெளித்துவிட்டு, மருந்து போலியென்று கடைக்காரரோடு சண்டையிடுகிறார்.

உறைநிலைக் கணக்கு நமது வெப்ப நாட்டிற்கு எதற்கென்று சிலர் நகைக்கலாம். நீர் உறைவதைத் தள்ளிவைக்கும் அதே உப்புச் செறிவுதான், உவர்க் கிணற்று நீரை வேர் உறிஞ்சவொட்டாமலும் தடுக்கிறது. நிலம் ஈரமாயிருந்தும் பயிர் வாடுவதன் காரணத்தை இக்கணக்கு கற்றவன் எளிதில் உணர்வான்.

கிராம அதிகாரிகள் முயன்றால், ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்திலும் நல்ல தராசொன்று, அளவுக் குவளையொன்று, லிட்மஸ் தாள் ஒரு கட்டு வைப்பது பெருஞ்செலவன்று. உபாத்தியாயர்களும் பொட்டலத்துச் சீட்டையே கணக்காகக் கொடுக்கலாம். பிள்ளைகள் கணக்கு மட்டும் போடட்டும். மருந்தைத் தொடுவதும் கலப்பதும் கையுறையணிந்த பெரியவர்களின் வேலை. வரும் தெளிப்புக் காலத்திற்கு முன்னரே இதனைத் தொடங்குதல் நலம்.