லட்டு வாங்கியாச்சு, என் முகம் எப்போ மலை இறங்கும்?

ஊருக்குப் போய்விட்டு திருப்பதி போகாமல் திரும்பினால் நம் வீடுகளில் சும்மா விடுவார்களா? அதிலும் சித்தூர்க்காரனான எனக்குக் கேட்கவே வேண்டாம்.

திருமலையில் 2023 மார்ச் 1 முதல், வைகுண்டம் காம்ப்ளக்ஸ் இரண்டிலும் அறை ஒதுக்கும் இடங்களிலும் முகத்தைப் படம் பிடித்து ஆளை அடையாளம் காணும் முறையை தேவஸ்தானம் சோதனையாகத் தொடங்கியது. ஒரே ஆள் பல லட்டு டோக்கன் வாங்கக் கூடாது, அறைக்குக் கட்டிய முன்பணத்தை வேறு ஆள் வாங்கிப் போகக் கூடாது என்பதற்காக.

நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். புரோக்கர்கள் அடிக்கிற கொள்ளையில் நஷ்டம் தர்மதரிசன வரிசையில் நிற்பவனுக்குத்தான். என் கேள்வி வேறு. லட்டு வாங்கி, அறையைக் காலி செய்து நான் மலை இறங்கிவிட்டேன். என் முகம் எப்போது இறங்கும்?

"சாமி கும்பிடப் போறவனுக்கு மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. பேங்க்கில் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். 1986-ல் ஆந்திர அரசு ஸ்டாம்ப் சட்டத்தைத் திருத்தியது. கலெக்டர் எழுதிக் கொடுத்தால் போதும், யாரும் பேங்க்குக்குள் வந்து வாடிக்கையாளரின் பத்திரங்களைப் பார்க்கலாம் என்றது. கனரா பேங்க் வழக்கில் 2004-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. பேங்க்கிடம் கொடுத்துவிட்டதால் ஒருவருடைய தாளின் அந்தரங்கம் போய்விடாது. அந்தரங்கம் ஆளைச் சேர்ந்தது, இடத்தை அல்ல என்பதுதான் தீர்ப்பின் சாரம். 2017-ல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டார்கள்.

அதாவது நான் கொடுத்த தகவல் டெபாசிட் மாதிரி. வைத்திருப்பவர் வேறு, சொந்தக்காரர் வேறு. இந்திய பேங்க்குகள் கேஒய்சி ஆவணங்களை, கணக்கு மூடிய பிறகு 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு காலக்கெடுவாவது இருக்கிறது.

அரசுக்கு? 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை முடிந்த தகவலை அழித்துவிடு என்கிறது. சந்தோஷம். ஆனால் பிரிவு 17(4)-ஐப் படியுங்கள். அந்தக் கடமை அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் இல்லை. அழியுங்கள் என்று கேட்கும் உரிமையும் அங்கே செல்லாது. தேவஸ்தான போர்டை நியமிப்பது மாநில அரசு என்பதை நினைவில் வையுங்கள்.

ஒன்றுக்கென்று வாங்கியது இன்னொன்றுக்குப் போகும் என்பது வெறும் கற்பனை இல்லை. நான் இருக்கும் சிங்கப்பூரில் 2020-ல் ட்ரேஸ்டுகெதர் தகவல் கோவிட் தொடர்பைக் கண்டுபிடிக்க மட்டும்தான் என்றார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குப் போலீஸும் எடுக்கலாம் என்று பார்லிமென்டில் வெளிவந்தது. மக்கள் சத்தம் போட்டதும், அடுத்த மாதமே 7 வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். கேட்டதால் ஒரு கோடாவது கிழிக்கப்பட்டது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கவுண்டருக்கு மேலே தெலுங்கிலும் தமிழிலும் ஒரு போர்டு: முகப் பதிவை எத்தனை நாள் வைப்போம், வேறு யாருக்குக் கொடுப்போம், படம் எடுக்க விருப்பமில்லாதவர் என்ன செய்யலாம். மூன்றே வரி.

அடுத்த தடவை மலைக்குப் போகும்போது கவுண்டரில் இந்த மூன்றையும் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.