யந்திரம் கொன்றால் யார் பொறுப்பு?

மனிதன் கட்டளையிடாமலே இலக்கைத் தேடி, தெரிந்தெடுத்து, தாக்கி அழிக்கும் ஆயுதங்களை வல்லரசுகள் இன்று போட்டியிட்டு வளர்க்கின்றன. லிபியப் போர்க்களத்தில் 2020இல் பின்வாங்கிய படையினரை இத்தகைய யந்திரங்கள் வேட்டையாடியதாக ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு 2021இல் அறிக்கையிட்டது. இது விஞ்ஞானத்தின் வெற்றி என்று பறைசாற்றுவோர் உளர். அவர்களை நாம் மட்டக்களப்பு வாவிக் கரைக்கு அழைக்கிறோம்.

இங்கு ஏன்? இவ்வாயுதத்தின் இரு உறுப்புகளையும் தனித்தனியே அனுபவித்து அறிந்த நாடு இது. முதல் உறுப்பு, கண். 1996 முதல் இலங்கை விமானப்படை இஸ்ரேலில் செய்த ஆளில்லா வேவு விமானங்களைப் போரில் ஈடுபடுத்தியது. வன்னி மக்கள் அவற்றுக்கு 'வண்டு' என்று பெயரிட்டனர். இரண்டாம் உறுப்பு, மிதிவெடி. அரச படைகளும் புதைத்தன, புலிகளும் புதைத்தனர். மிதிப்பது சிப்பாயின் சப்பாத்தா, விறகு பொறுக்கும் சிறுமியின் வெறுங்காலா என்று அது விசாரிப்பதில்லை. புதைத்தவன் போன பின்னும், போர் ஓய்ந்த பின்னும் அது தன் தீர்ப்பை நிறைவேற்றும்.

வண்டின் கண்ணையும் மிதிவெடியின் குருட்டுத் தீர்ப்பையும் ஒன்றாகப் பொருத்துங்கள். புதுமை என்று போற்றப்படும் தானியங்கி ஆயுதம் கிடைத்துவிடும். மிதிவெடி கிடந்த இடத்திலே காத்திருந்தது. இதுவோ தேடி வருகிறது.

யந்திரம் குறி தவறாது என்கின்றனர். 2006 நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளியில், மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தம்மீது எறிகணை ஏவப்பட்ட இடமென ராடர் காட்டியதையே தாக்கினோம் என்றது இராணுவத் தரப்பு. சென்று பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினரோ முகாம் பகுதியில் இராணுவ நிலைகள் எவற்றையும் காணவில்லை. கருவி ஒரு புள்ளியைக் காட்டும். அப்புள்ளியைச் சூழப் பசித்த குழந்தைகள் படுத்திருப்பதை அது அறியுமா? அன்று ராடருக்கும் பீரங்கிக்கும் இடையே ஒரு மனிதனாவது நின்றான். "சுடாதே" என்று அவன் சொல்லியிருக்க முடியும். அந்த ஒரே வாய்ப்பையும் அகற்றுவதுதான் முன்னேற்றமா?

யந்திரத்துக்குச் சினமில்லை, ஆகையால் அது பழிவாங்காது என்பது அவர்களின் அடுத்த வாதம். இவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பழிவாங்கல் என்றால் என்னவென்று படுவான்கரைக்குத் தெரியும். 1991 ஜூன் 12இல் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் கண்ணிவெடிக்கு இரு சிப்பாய்கள் பலியாயினர். அடுத்து மகிழடித்தீவில் இராணுவம் பொதுமக்களைக் கொன்று குவித்தது. ஜனாதிபதி ஆணைக்குழு 67 மரணங்களைக் கணக்கிட்டது. இராணுவ நீதிமன்றம் பத்தொன்பது சிப்பாய்களைக் கொலைக்குற்றத்திலிருந்து விடுவித்தது. கட்டளை அதிகாரி மட்டும் படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவும் சடலங்களை முறைகேடாக அப்புறப்படுத்தியமைக்காகவும் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

இதுவா நீதி? அல்ல. ஆனால் அந்த அரைகுறை நீதிக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டான். நாளை யந்திரம் ஒரு கிராமத்தை அழித்தால் எவரைக் கூண்டில் ஏற்றுவது? செய்தவன் விற்றவனைக் காட்டுவான். விற்றவன் ஏவியவனைக் காட்டுவான். ஏவியவன் யந்திரத்தைக் காட்டுவான். யந்திரத்துக்குச் சினமில்லை என்பது மெய். அதற்கு வெட்கமும் இல்லை, அச்சமும் இல்லை, சாட்சி சொல்ல நாவும் இல்லை. ஆயுத வியாபாரிகளுக்கு அதன்மீது இத்துணை காதல் பிறந்தமைக்கு வேறு காரணம் வேண்டுமா?

மிதிவெடியை மனிதகுலம் தடைசெய்தது. 1997இன் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கையும், இருபதாண்டு தாமதித்தேனும், 2017 டிசம்பரில் இணைந்தது. தானியங்கி ஆயுதங்கள் குறித்து ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2023 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தை இலங்கை உட்பட 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த நான்கில் நம் அயல்நாடான இந்தியாவும் ஒன்று! ஆயினும் தீர்மானம் வேறு, தடைச்சட்டம் வேறு. 2026க்குள் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை வேண்டுமென்று செயலாளர் நாயகம் குட்டரெஸ் கோரினார். கை உயர்த்தியதோடு கடமை முடிந்ததென்று இந்நாட்டு அரசு ஒதுங்கலாகாது. மிதிவெடியின் வாரிசையும் தடைசெய்யும் சட்டத்துக்காக அது முன்னின்று வாதாட வேண்டும்.

கொலைக்கு ஒரு முகம் வேண்டும் என்று நாம் கேட்பது கொலையை நியாயப்படுத்துவதற்கன்று. முகம் இருந்தால்தான் அதை நோக்கி விரல் நீட்ட முடியும். கதிரவெளித் தாயும் மகிழடித்தீவு விதவையும் விரல் நீட்டும் அந்த உரிமையையேனும் இழந்துவிடக்கூடாது.