கடனுக்கு முன் கைப்பழக்கம்

முகூர்த்த நாள்கள் நெருங்கிவிட்டால் திருப்பதியிலும் சித்தூரிலும் திருமண மண்டபம் கிடைப்பது அரிது. மேளக்காரரைப் போலவே புகைப்படக்காரரும் இன்று திருமணத்துக்கு இன்றியமையாதவராகிவிட்டார். இதைக் காணும் இளைஞர் பலர், டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கித் தொழில் தொடங்க விரும்புகின்றனர். விருப்பம் பாராட்டத்தக்கது. ஆனால், விலையுயர்ந்த கருவியை முதலில் வாங்கிவிட்டுத் தொழிலைப் பின்னர் கற்றுக்கொள்ளலாம் என்னும் எண்ணம் ஏற்கத்தக்கதன்று. கை பழகிய பிறகே கடன் என்பதே சரியான வரிசை.

காரணம் எளியது. தெலுங்குத் திருமணங்களில் மணமக்கள் முகூர்த்த வேளையில் மதுபர்க்கம் என்னும், சிவப்புக் கரையிட்ட வெண்ணிற ஆடையை அணிவர். கேமராவின் ஒளிமானியோ எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே அளவிடும் இயல்புடையது. காட்சி முழுவதும் வெண்மை நிறைந்திருந்தால், தானியங்கி முறையில் எடுத்த படத்தில் அவ்வெண்மை மங்கிப்போகக் கூடும். ஒளியளவைச் சற்றே உயர்த்த வேண்டும் என்பதைப் பழகிய விரல் உடனே அறியும்.

அடுத்து வருவது தலம்பிராலு. மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் சொரியும் மஞ்சள் அரிசி, காற்றில் நிற்பதுபோல் படத்தில் பதிய வேண்டுமானால் ஷட்டர் வேகம் 1/500 நொடி அளவில் இருத்தல் நலம். மண்டபத்தின் குறைந்த வெளிச்சத்தில் அந்த வேகம் வேண்டுமெனில், அப்பர்ச்சரை அகலத் திறக்க வேண்டும். அல்லது ஐஎஸ்ஓ அளவை உயர்த்த வேண்டும். அல்லது ஃபிளாஷைத் துணைக்கொள்ள வேண்டும். எதைத் தேர்ந்தாலும் ஒன்றைப் பெற்று மற்றொன்றை இழக்கிறோம். அப்பர்ச்சரைத் திறந்தால் பின்னணியின் தெளிவு குறையும்; ஐஎஸ்ஓ உயர்ந்தால் படத்தில் புள்ளிகள் தோன்றும். இம்முடிவை எடுக்கக் கிடைப்பது ஓரிரு நொடிகளே. தவறவிட்ட முகூர்த்தத்தை மறுபடி நடத்தித் தரும்படி எந்தக் குடும்பத்தையும் கேட்க இயலாது.

ஆகவே, தவறுகளைச் செய்து முடிக்க வேறு இடம் வேண்டும். டிஜிட்டல் கேமராவின் பெருஞ்சிறப்பு இங்கேதான் இருக்கிறது. பிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்களே எடுக்கலாம். கழுவி அச்சிட்டு வரும்வரை முடிவு தெரியாது. எந்தப் படத்துக்கு என்ன அளவு வைத்தோம் என்பதையும் ஏட்டில் குறித்துவைக்க வேண்டியிருந்தது. இன்றோ படம் உடனே திரையில் தெரிகிறது. ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ அளவுகளைக் கேமராவே ஒவ்வொரு படத்துடனும் பதிந்துவைக்கிறது. ஆனால், ஆயிரம் படம் எடுப்பது மட்டும் பயிற்சியாகாது. ஒரே காட்சியை ஓர் அளவை மட்டும் மாற்றி ஐந்து முறை எடுத்து, ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பயிற்சி.

இதற்கான பள்ளிக்கூடங்கள் நம்மைச் சுற்றியே உள்ளன. சந்திரகிரிக் கோட்டையின் ராஜமகாலில் காலை வெயிலும் வளைவுகளின் நிழலும் சந்திக்கும் இடத்தில் ஒளியளவைப் பழகலாம். ஏறத்தாழ 270 அடி உயரமுள்ள தலக்கோனை அருவியில் ஷட்டரைப் பழகலாம்: 1/500 நொடியில் நீர்த்துளிகள் தனித்தனியே நிற்கும், முக்காலியில் பொருத்தி 1/4 நொடி வைத்தால் அதே நீர் பட்டுத்துணிபோல் வழியும். சித்தூர்ச் சந்தையில் தோத்தாபுரி மாம்பழக் குவியல் வெயிலில் ஒரு நிறமாகவும் மின்விளக்கில் வேறு நிறமாகவும் பதிவதைக் கண்டு வெண்சமநிலையை அறியலாம். மனிதரைப் படம் எடுக்குமுன் அவர் இசைவைக் கேட்பதும், திருமலைக் கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதியில்லை என்பதை மதிப்பதும் இத்தொழிலின் பாடங்களே.

செய்து பழகியபின் கடன் என்னும் இக்கருத்து வங்கித் துறைக்குப் புதியதன்று. 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தல அறக்கட்டளை, சிண்டிகேட் வங்கி, கனரா வங்கி ஆகியவை இணைந்து ஊரக இளைஞர்களுக்கான சுயதொழில் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கின. அந்த முன்மாதிரியைப் பின்பற்றி, மத்திய அரசின் ஆதரவுடன் வங்கிகள் மாவட்டந்தோறும் ஊரகச் சுயதொழில் பயிற்சி நிலையங்களை நடத்துகின்றன. அங்கே பயிற்சி இலவசம். பயிற்றுவிக்கும் தொழில்களுள் புகைப்படமும் வீடியோவும் அடங்கும். முதலில் பயிற்சி, அதன்பின் கடனுக்கு வழிகாட்டுதல் என்பதே அவற்றின் நடைமுறை.

‘கேமரா கையில் இல்லாமல் எப்படிப் பழகுவது? கைப்பேசியே எல்லாவற்றையும் செய்கிறதே!’ என்று சிலர் கேட்கலாம். முதற்கேள்வி நியாயமானது. பழைய கேமரா, நாள் வாடகைக் கேமரா, அனுபவமுள்ளவரிடம் உதவியாளராகச் சேர்தல் என அதற்கு வழிகள் உண்டு. கைப்பேசியிலும் காட்சியமைப்பைக் கற்கலாம். ஆயினும், முடிவுகளைப் பெரும்பாலும் அதுவே எடுத்துவிடுவதால், ஒளியின் கணக்கு நம் கைக்கு வருவதில்லை. காணொளிப் பாடங்களும் அப்படியே. பார்த்தது மறந்துபோகும், செய்தது தங்கும்.

2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சேவைத் தொழில்களுக்கும் பிணையின்றிக் கடன் கிடைக்கிறது. அதன் முதற்படியான சிசு பிரிவின் வரம்பு 50,000 ரூபாய். தொடக்கத்துக்கு அந்த அளவே பலருக்குப் போதுமானது. பெருந்தொகை வாங்கினால் தவணையும் பெரிதாகும். வட்டி முதல் நாளே கணக்கைத் தொடங்கிவிடும். திறமையோ மெல்லத்தான் வரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் பல நல்ல முயற்சிகள் தளர்ந்துபோகின்றன.

எனவே, கடன் விண்ணப்பத்துடன் கிளைக்கு வரும் இளைஞர், தாம் எடுத்த படங்களுள் சிறந்த இருபதையும் உடன் கொண்டுவரட்டும். ஒவ்வொன்றையும் எப்படி எடுத்தார் என்பதை அவரால் விளக்க முடியுமானால், கடனைத் திருப்பிச் செலுத்தும் வழியும் அவரிடம் இருக்கிறது என்று நம்பலாம்.